ஆடினாரும் ஆட்டுவித்தாரும்

சென்ற 2025ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மும்பை மாநகரில் ரக்பி என்னும் ஆட்டத்திற்கெனப் பெருந்தொடர் ஒன்று நம் நாட்டில் முதன்முறையாக நடைபெற்றது. ஆறு அணிகள் பொருதன. அவற்றுள் சென்னையின் பெயர் தாங்கிய அணியே வாகை சூடிற்று. விடுதியின் வாசகசாலையில் அச்செய்தியைப் படித்த எம்மவருள் பெரும்பாலார்க்கு அவ்வாட்டம் இன்னதென்றே விளங்கவில்லை. பந்து முட்டை வடிவினது. அதனைக் கையில் ஏந்தி ஓடலாம். ஆனால் முன்னிற்பார்க்கு எறிதல் ஆகாது. ஓடுவானைத் தழுவிப் பிடித்து வீழ்த்தலாம். இவ்வளவும் கேட்ட நண்பர் ஒருவர், “இது சடுகுடுவுக்கும் உதைபந்துக்கும் பிறந்த பிள்ளை” என்று தீர்ப்புக் கூறிவிட்டு எழுந்து போயினார்.

எம் கருத்தில் தங்கியது பிறிதொன்று. வென்ற அணியைப் பயிற்றியவர் மைக் பிரைடே என்னும் ஆங்கிலேயர். இளமையில் இங்கிலாந்து நாட்டு எழுவர் அணிக்குத் தலைவராக நின்று ஆடியவர். ஆடுகளத்தை விட்டு அகன்ற பின்னர் இங்கிலாந்து, கென்யா, அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகிய மூன்று நாட்டு அணிகளுக்கும் ஆசானாக இருந்தவர். யாம் படித்த செய்தியில் கோப்பை ஏந்தியவர் பெயரும் புள்ளி ஈட்டியவர் பெயரும் முன்னிற்க, இவர் பெயர் கடைசி வரியில் ஒதுங்கிக் கிடந்தது. ஆடினாரை நினைந்து ஆட்டுவித்தாரை மறக்கும் இவ்வழக்கம் ரக்பிக்கு மட்டும் உரியதன்று. நம் தமிழ்நாட்டினர் ஒருவருடைய வாழ்க்கையே இதற்குச் சான்றாக நிற்கின்றது. அவரைப் பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அவர் பெயர் சைமன் சுந்தரராஜ். 1960ஆம் ஆண்டு ரோமாபுரியில் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயங்களில் இந்திய உதைபந்தாட்ட அணியில் இடம் பெற்றவர். அவ்வணிக்குத் தலைவர் பி. கே. பானர்ஜி, பயிற்றாசிரியர் ஐதராபாத்து சையது அப்துல் ரகீம். அங்கேரியுடன் ஆடி 2க்கு 1 என்று தோற்றோம். அந்த அங்கேரி பின்னர் மூன்றாம் பரிசு பெற்ற அணி என்பதை நோக்க அத்தோல்வி இழிவன்று. பிரான்சுடன் ஆடி 1க்கு 1 என்று சரிநிகர் நின்றோம். பெரு நாட்டுடன் ஆடி 3க்கு 1 என்று தோற்றோம். இக்கடைசி ஆட்டத்தில் நம்மவர் பெற்ற அவ்வொரு கோல் சைமன் சுந்தரராஜுடையது என்பர். அதன் பின்னர் ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தின் இறுதிச் சுற்றுகளுக்கு இந்தியா தகுதி பெற்றதே இல்லை. ஆகவே நான்கு ஆண்டுகளுக்கொருமுறை ஒலிம்பிக் வரும்போதெல்லாம் இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கோல் என்று அஃது நினைக்கப்படுகின்றது.

இந்நினைவில் பெருமிதம் கலந்திருப்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒன்று சொல்வோம். அஃது தோற்ற ஆட்டத்தில் அடித்த கோல். அதன் பின்னர் வேறெவரும் அடிக்காமையினாலேயே அது பெரிதாயிற்று. பின்வந்தோரின் வறுமையால் ஒருவருக்கு விளைந்த செல்வம் அது. அச்செல்வத்தை வைத்தே ஒரு மனிதரை அளந்துவிட்டு, அவர் தம் அறிவாலும் உழைப்பாலும் ஆக்கிய செல்வத்தைக் கணக்கில் எழுதாது விடுவது நடுநிலையாகுமா?

அவர் ஆக்கிய செல்வம் எது என்று கூறுதும். மாநிலங்களுக்கிடையே நடைபெறும் சந்தோஷ் கோப்பைப் பந்தயம் 1941ஆம் ஆண்டு தொடங்கியது. கேரளத்தார் உதைபந்தாட்டத்தில் பித்துக் கொண்டவர் என்பதை நாடறியும். ஆயினும் வங்காளம் பன்முறை வென்ற அக்கோப்பை, 1956இல் கேரள மாநிலம் அமைந்த பின்னும் பல்லாண்டுகள் அவர்கள் கைக்கு எட்டாது நின்றது. 1973ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் எர்ணாகுளத்து மகாராஜா கல்லூரித் திடலில் இறுதி ஆட்டம் நடைபெற்றது. எதிரணி ரயில்வே. 3க்கு 2 என்று கேரளம் வென்றது. மூன்று கோல்களையும் அணித்தலைவர் மணி ஒருவரே அடித்தார். மறுநாள் மாநிலம் முழுவதற்கும் அரசாங்கம் விடுமுறை அளித்தது என்றால் மக்கள் கொண்ட களிப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ‘கேப்டன் மணி’ என்பதே அவருக்கு ஆயுட்காலம் வரை பெயராக நிலைத்தது.

அவ்வணியைப் பயிற்றியவர் நம் சைமன் சுந்தரராஜ்.

மலையாள நாட்டார் தமக்கென ஆசானைத் தேடுங்கால் மொழியும் எல்லையும் பாராது தமிழர் ஒருவரிடம் தம் மக்களை ஒப்புவித்தனர் என்பதையும், அவர் அந்நம்பிக்கையைக் காத்தனர் என்பதையும் எண்ணும்போது எமக்கு மகிழ்ச்சி உண்டாகின்றது. அவ்வணியினர் ஒரே கூட்டத்தார் அல்லர். ஒருவர் உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மற்றொருவர் டயர் ஆலையில் வேலை பார்த்தவர். ஆண்டு முழுவதும் வெவ்வேறு அணிகளில் நின்று ஒருவரையொருவர் எதிர்த்து ஆடியவர். இத்தகையோரைச் சில வாரங்களுக்குள் ஓருடலும் பல உறுப்புமாக இணைப்பது எளிய காரியமா? பந்தைத் தானே உதைத்தல் ஒரு திறம். பிறன் காலில் தன் கருத்தை ஏற்றி உதைப்பித்தல் மற்றொரு திறம். முன்னதில் தேர்ந்தவர் பின்னதிலும் தேர்வர் என்பது எங்கும் எழுதி வைக்கப்பட்ட விதியன்று.

இவ்விடத்தே எம் நண்பர் சிலர் தடை நிகழ்த்துவர். “கோல் அடித்தவர் மணி. ஓடி வியர்த்தவர் பதினொருவர். கோட்டிற்கு வெளியே நின்று கூவியவருக்கு என்ன பங்கு?” என்பது அவர்தம் வினா. இவ்வினாவுக்கு விடை தேட யாம் அயல்நாட்டு நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. எமக்குப் பாடமாக உள்ள நன்னூலே போதும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் சொல்லத் தொடங்குமுன் பொதுப்பாயிரத்திலே ஆசிரியர் இலக்கணத்தை வகுத்தார். நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கும் நல்லாசிரியருக்கு உவமை. உழுவானது முயற்சிக்குத் தக்க விளைவு தருவது நிலம். மழை வறந்த காலத்தும் வளம் தருவது மலை, சேய்மையிலிருந்தும் தோன்றுவது, அதன் பொருளை நம் ஊரார்க்கு யாம் விளக்க வேண்டா, மலைக்கோட்டை கண்முன் நிற்கின்றது. ஒருபாற் கோடாது ஐயந்தீர்ப்பது துலாக்கோல். (கோல் என்னும் சொல் உதைபந்தில் ஒரு பொருளும் நன்னூலில் ஒரு பொருளும் தந்து நிற்பதைப் பேராசிரியர் ஒருவரிடம் கூறினோம், அவர் நகைக்கவில்லை.)

இனி, ஆசிரியராதற்குத் தகாதவருக்கும் அந்நூலில் நான்கு உவமை உண்டு. அவற்றுள் பருத்திக் குண்டிகை என்பதே எம் நெஞ்சைக் கவர்ந்தது. குடுக்கையில் பஞ்சைச் சிறிது சிறிதாகத் திணித்தால், அது வெளிவருவதும் சிறிது சிறிதாகத்தான், கவிழ்த்தாலும் கொட்டாது. அறிவு உள்ளே நிறைந்திருந்தும் வெளியே வழங்க மாட்டாதவர் நிலை இதுவே. பேராட்டக்காரர் பலர் பயிற்சித் துறையில் இடறி வீழ்வதன் காரணத்தை இவ்வுவமையில் கண்டுகொள்ளலாம். அர்ஜென்டினா நாட்டு மரடோனாவை விட இயற்கைத் திறம் வாய்ந்த ஆட்டக்காரர் பலர் இருந்திலர். அவரே 2010ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் பந்தயத்தில் தம் நாட்டு அணிக்குப் பயிற்றாசிரியராகச் சென்று, கால் இறுதியில் ஜெர்மானியரிடம் 4க்கு 0 என்று தோற்றுத் திரும்பினார். இயல்பாக வந்த வித்தையை உடையவர், அது தமக்கு எவ்வாறு வந்தது என்பதை ஆராய்ந்திரார். ஆராயாததைப் பிறருக்கு எங்ஙனம் உரைப்பர்? (மாணாக்கரைப் பற்றியும் நன்னூலார் உவமைகள் கூறியுள்ளார். ஓட்டைக் குடத்தையும் எருமையையும் இங்கே விரித்துரைப்பது நமக்கே கேடாய் முடியும் என்று விடுகின்றோம்.)

நிற்க. சைமன் சுந்தரராஜ் தாம் ரோமாபுரியில் யாரிடத்தில் கற்றார் என்பதை மறத்தலாகாது. ரகீம் என்பார் தொழிலால் பள்ளி ஆசிரியர். உசுமானியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுப் பள்ளிகளில் மாணவர்க்குப் பாடம் சொன்னவர். இளமையில் ஆடியவரே எனினும் பெரும்புகழ் ஈட்டிய ஆட்டக்காரர் அல்லர். 1950 முதல் ஐதராபாத்து நகரப் போலீஸ் அணியைப் பயிற்றி அதனை வெல்லற்கரிய அணியாக்கினார். அவரிடம் பயின்ற இந்திய அணி 1951இல் தில்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசியப் பந்தயங்களில் பொற்பதக்கம் பெற்றது. இடையே 1956இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2க்கு 1 என்று வென்றபோது அவர் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. மறு ஆண்டு ஜூன் திங்களில் காலமானார்.

அவர் கையாண்ட முறைகளுள் ஒன்றை மட்டும் கூறுவோம். வலக்காலில் வல்லவர் இடக்காலாலும், இடக்காலில் வல்லவர் வலக்காலாலும் மட்டுமே பந்தைத் தொடலாம் என்று விதி வகுத்துப் போட்டிகளே நடத்தினாராம். எத்துணைச் சிறந்த ஆசிரியர் எண்ணம்! வல்லதனைக் காட்டிக் கைதட்டல் பெறுவது ஆட்டக்காரன் இயல்பு. மாட்டாததை மறைக்க விடாது வெளிக்கொணர்ந்து திருத்துவது ஆசிரியன் இயல்பு. இலக்கண வகுப்பில் நமக்கு வராத புணர்ச்சி விதியையே தேர்ந்து வினவும் ஆசிரியர்பால் நாம் கொள்ளும் சினத்தை ரகீமின் மாணவரும் அவர்பால் கொண்டிருப்பர் என்று ஊகிக்கின்றோம். அச்சினம் பின்னாளில் நன்றியாக மாறியிருக்கவும் வேண்டும். ரோமாபுரி சென்ற அவ்வோரணியிலிருந்தே பானர்ஜி, அருண் கோஷ், ரகீமின் மைந்தர் ஹக்கீம், நம் சுந்தரராஜ் எனப் பலர் பின்னாளில் பயிற்றாசிரியராயினர். நல்லாசிரியரிடம் ஆடினவர்க்கு ஆட்டம் மட்டுமன்றி ஆசிரியத்தொழிலும் உடன் ஒட்டிக்கொள்கிறது போலும்.

நம் நாட்டுப் பழைய மரபு இதனை நன்கறியும். சிலம்பக் கூடத்தில் கோல் சுழற்றுவாரெல்லாம் வாத்தியார் ஆகார். பல்லாண்டு ஆடி, அடிவரிசைகளை முறையாகக் கற்று, ஆசான் ஒப்பிய பின்னரே அப்பெயர் வரும். வந்த பின் ஊர் அவரைத் தொழும். வித்தையாசிரியருள் தலைசிறந்தாராகப் பாரதம் கூறும் துரோணரும் வில்லாளியாயிருந்து ஆசிரியரானவரே. ஆனால் ஏகலைவன் கட்டைவிரலை வாங்கிய அந்நாளில் அவர் ஆசிரியத் தன்மையினின்றும் வழுவினார் என்பதே எம் துணிபு. தன்னினும் சிறந்தான் ஒருவன் தோன்றுவதைக் கண்டு அஞ்சுகிறவன் பயிற்றுதற்கு உரியனல்லன். எம் சமயத்தார்க்கு இவ்விடத்தில் யோவான் ஸ்நானனின் நினைவு வாராது போகாது. பின்வருபவர் பெருகவும் தான் சிறுகவும் மனமுவந்தவர் அவர். கோப்பையைச் சீடன் ஏந்த, நிழற்படத்தின் ஓரத்தில் பாதி முகம் மறைய நிற்கும் பயிற்றாசிரியர்க்கு இவ்வுவந்த மனம் இல்லையாயின் அத்தொழில் நரகமே ஆகும்.

மனம் மட்டும் போதாது, கல்வியும் வேண்டும். இதனை நம் நாட்டில் முதற்கண் உணர்ந்தோர் மிஷன் தொண்டர் என்று சொல்லிக்கொள்வதில் எமக்குச் சிறிது இறுமாப்பு உண்டு. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920ஆம் ஆண்டு சென்னையில் வொய். எம். ஸி. ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். ஆட்டம் கற்பித்தலும் கணிதம் கற்பித்தல் போலவே பயின்று தேறவேண்டிய ஒரு கலை என்பது அவர் கொள்கை. 1961இல் பட்டியாலாவில் இந்திய அரசினர் விளையாட்டுப் பயிற்சி நிலையம் நிறுவியதற்கு நாற்பதாண்டு முன்னரே இக்கொள்கை நம் சென்னையில் வேரூன்றிவிட்டது.

இத்துணை முன்னரே தொடங்கியும் நாம் எங்கே நிற்கின்றோம்? யாம் படித்த ஒரு பள்ளியில் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டு வேளைதான். கணித ஆசிரியர் வந்து கேட்பார்; உடற்பயிற்சி ஆசிரியர் ஒன்றும் பேசாது பந்தை எடுத்துக்கொண்டு அறைக்குச் செல்வார். ஒருநாளேனும் அவர் கணித வேளையைக் கேட்டு வாங்கியதாக நினைவில்லை. மேனிலைப் பள்ளியை விட்டுக் கலாசாலை புகுந்தோம். இங்கே கண்ணாடிப் பேழையில் வெற்றிக் கோப்பைகள் அடுக்கப்பட்டுள்ளன; ஒவ்வொன்றின் கீழும் அணித்தலைவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. பயிற்றியவர் பெயர் ஒன்றன் கீழேனும் இல்லை. எம்முள் இருவர் ஒரு மாலை முழுதும் குனிந்து தேடினோம். காவலாளர் எம்மை ஐயுற்று நோக்கியதே கண்ட பலன்.

ஓர் இடைக்குறிப்பு. பழைய ஆட்டக்காரர் ஒருவரை, அவர் நல்ல ஆட்டக்காரராயிருந்தார் என்னும் ஒரே காரணத்தால், ஊதுகுழலைக் கையில் கொடுத்து, சிறு தொகையைக் கூலியாகக் கொடுத்து, போட்டிக்கு இரண்டு வாரம் முன்னர் அழைத்து வரும் வழக்கமும் நம் ஊர்க் கலாசாலைகளுக்குப் புதிதன்று. இதனால் கெடுவோர் இருவர்: கற்பிக்கக் கல்லாத அவரும், கற்க வந்த மாணாக்கரும். தோற்றால் பழி அவருக்கு. வென்றால் புகழ் முன்வரிசையில் அமர்ந்திருப்போர்க்கு. விரிவுரையாளர் பதவிக்கு முதுகலைப் பட்டமும் தகுதித் தேர்வும் கேட்கின்றவர், பயிற்றாசிரியர்க்கு மட்டும் பழம்புகழ் போதும் என்று ஏன் கருதுகின்றனரோ அறியோம். தகுதியைக் கேளுங்கள், கேட்டபின் ஆசிரியர்க்குரிய ஊதியத்தையும் இருக்கையையும் கொடுங்கள், பேழையில் பெயரையும் பொறியுங்கள் என்பதே எம் வேண்டுகோள்.

மீண்டும் எர்ணாகுளத்து அணிக்கு வருவோம். 1973இல் அவ்வணியின் துணைத்தலைவராய் இருந்தவர் டி. ஏ. ஜாபர். சுந்தரராஜிடம் பயின்று வென்ற இவர் காலப்போக்கில் தாமே பயிற்றாசிரியரானார். 1992ஆம் ஆண்டு சந்தோஷ் கோப்பையின் இறுதி ஆட்டம் நம் கோயமுத்தூரில் நடைபெற்றது. கோவா அணியை 3க்கு 0 என்று வீழ்த்திக் கேரளம் கோப்பையை மீட்டது, பயிற்றியவர் ஜாபர். மறு ஆண்டும் அவர் பயிற்ற அவர்களே வென்றனர். ரகீமிடம் கற்றவர் சுந்தரராஜ். சுந்தரராஜிடம் கற்றவர் ஜாபர். தெலுங்கு நாட்டு நகரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஏற்றிய விளக்கு, தமிழர் ஒருவர் கைவழியாக மலையாள நாட்டுக்குச் சென்று, முப்பதாண்டு கழித்துத் தமிழ்நாட்டு மண்ணிலேயே மீண்டும் ஒளிர்ந்தது. கோல்களின் பட்டியலில் இத்தொடர்ச்சியைத் தேடினால் அகப்படாது. எனவேதான், ரோமாபுரிக் கோலினும் எர்ணாகுளத்து வெற்றியே சைமன் சுந்தரராஜின் பேறு என்று யாம் வாதிடுகின்றோம்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய வாரத்தில் ஒரு மாலை ஸ்ரீரங்கம் சென்றிருந்தோம். வடக்கே கொள்ளிடத்தில் நீர் ஒரு கரையோரமாய் ஒதுங்கி ஓடிற்று, மற்றப்படி மணல்வெளி. சிறுவர் பதினைவர் இருக்கும், வெறுங்காலுடன் பந்து உதைத்துக்கொண்டிருந்தனர். பொன்மலை ரயில்வேப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டி, நடுவே நின்றார். தம் காலத்தில் ரயில்வே அணிக்கு ஆடியவராம். ஊதியம் இல்லை, ஊதுகுழலும் இல்லை, நாவால் சீட்டியடித்தார். ஒரு பையன் வலக்காலால் அழகாக ஒன்று உதைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். அவர் பந்தை எடுத்து அவன் இடக்காலின் முன் வைத்து, “இப்ப இதாலே அடிடா, தம்பி” என்றார். பையன் உதைத்தான். பந்து கோணிப் போய் நீரில் வீழ்ந்தது. கூட்டத்தார் நகைத்தனர். முதியவர் நகைக்கவில்லை, தாமே முழங்கால் அளவு நீரில் இறங்கிப் பந்தை எடுத்து வந்து, மறுபடியும் அதே காலின் முன் வைத்தார்.